ஹவாயின் ஹலா இலை முடைதல்: புதிதாகக் கற்பவர்களுக்கு

ஹலா இலையில் புதிதாகக் கைவைக்கிறவர்கள் முதல் சில நாட்களுக்கு எதையும் முடையாமல் இருப்பது நல்லது. இலையைப் பொறுக்குவது, முள் எடுப்பது, துடைப்பது, பதப்படுத்திச் சுருட்டி வைப்பது, பிறகு வார்களாகக் கிழிப்பது. இந்தக் கலையில் பாதிக்கு மேல் வேலை இவ்வளவில்தான் இருக்கிறது. இதைப் பொறுமையாகச் செய்தவருக்கு முடைவது தானாக வரும். அவசரப்பட்டவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும், முடைந்த பொருள் கொஞ்ச நாளில் தளர்ந்து இடைவெளி விடும், பூஞ்சை பிடிக்கும். அதனால் இங்கே இலைக்குத்தான் அதிக இடம். அதற்குப் பிறகு ஒரு சின்னச் சதுர விரிப்பு முடைவோம்.

மரம்

ஹலா நம் ஊர்த் தாழைக்கு நெருங்கிய உறவு. இரண்டும் பாண்டானஸ் பேரினம். அதே கடலோர வாழ்க்கை, அதே விழுது, அதே முள். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஆண் மரத்தில் பூக்கும் ஹீனானோ நம் தாழம்பூவைப் போலவே மணக்கும். பூவைச் சுற்றியிருக்கும் வெளிர் மடல்களைக் கொண்டு பழைய ஹவாயில் மிக மெல்லிய பாய்கள் முடைந்தார்கள். ஓடங்களின் பாய்மரப் பாய்களும் ஹலா இலையில்தான் முடையப்பட்டன. கவாய் தீவின் வடகரையில் ஹனலேய் பக்கம் கிடைத்த ஒரு பாறையில் ஹலாவின் அச்சு பதிந்திருக்கிறது. அந்தப் பாறை 10 லட்சம் ஆண்டுகளுக்கும் பழையது. மனிதர்கள் ஓடத்தில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மரம் அங்கே நின்றிருக்கிறது.

இலைக்கு அங்கே லௌஹலா என்று பெயர், முடைவதற்கு உலனா. கற்றுத்தருபவர் குமு. இந்த மூன்றும் தெரிந்தால் எந்த வகுப்பிலும் போய் உட்காரலாம்.

தாழை வேலை தெரிந்த நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்திலும் இலங்கையிலும் பச்சை இலையை அறுத்து, முள் நீக்கி, வேகவைத்து உலர்த்துவார்கள். ஹவாயில் பெரும்பாலும் மரத்திலேயே காய்ந்த இலையைத்தான் எடுக்கிறார்கள். வேகவைப்பது கிடையாது. ஆகவே கீழே வரும் முறையைப் பச்சைத் தாழை ஓலைக்கு அப்படியே பொருத்த முடியாது.

பொறுக்கப் போகும்போது

முதலில் கேளுங்கள். தனியார் தோட்டம் என்றால் வீட்டுக்காரரிடம், அரசு வனம் என்றால் மாநில வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வாசலில் ஹலா வைத்திருப்பவர்கள் அநேகமாகச் சந்தோஷமாகச் சரி சொல்வார்கள். காய்ந்த இலை கீழே குவிந்து கிடப்பது அவர்களுக்கும் தொல்லைதான். மரத்தடியில் ஒரு கணம் நின்று, மனதுக்குள்ளோ வாய்விட்டோ மரத்திடமும் அனுமதி கேட்டுவிட்டு எடுப்பது அங்குள்ள வழக்கம். அதை ஒரு சடங்காக மட்டும் நினைத்துக் கடந்துவிடாதீர்கள். நின்று பார்க்கிற அந்த நேரத்தில்தான் எந்த மரத்தில் பூச்சி, எதில் நல்ல நீளம் என்று கண்ணில் படும்.

எந்த இலை நல்லது? பழுப்பாகக் காய்ந்து, இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது முதல் தரம். புதிதாக உதிர்ந்து, காய்ந்த தரையில் கிடப்பது அடுத்தது. ஈர மண்ணில் நாள்கணக்கில் கிடந்ததைத் தொட வேண்டாம். அதில் கரும்புள்ளி ஏறியிருக்கும், நார் உளுத்திருக்கும். கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். நல்ல இலை வளைந்து கொடுக்கும், கெட்டது மொறுமொறுவென்று உடையும். மழை நின்ற உடனே போகாமல், ஓரிரு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள்.

நிறத்தையும் அங்கேயே பாருங்கள். ஒரு மரத்து இலை வெளிர் மஞ்சளாக இருக்கும், பக்கத்து மரத்தில் செம்பழுப்பாக, இன்னொன்றில் திட்டுத்திட்டாக இருக்கும். அனுபவமுள்ளவர்கள் தங்கள் பகுதியில் எந்த மரம் என்ன நிறம் தரும் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஒரே பொருளுக்கு வேண்டிய இலையை ஒரே மரத்திலிருந்து எடுத்தால் நிறம் சீராக வரும். இரண்டு நிறம் கலந்து கோலம் போடும் அனோனி வேலைக்கு, வெளிரையும் கருத்ததையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி வையுங்கள்.

உங்களுக்கு உதவாத காய்ந்த இலைகளையும் இழுத்துச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அதே மரத்தில் நல்ல இலை எடுப்பது சுலபமாக இருக்கும். மரமும் காற்றாடும்.

கைக்குத் தடித்த தோல் கையுறை, நீளக் கை சட்டை, மூடிய செருப்பு வேண்டும். இலைக்குவியலுக்குள் பூரான் இருக்கலாம். பெரிய தீவு எனப்படும் ஹவாய் தீவின் புனா மாவட்டம் ஹலாவுக்குப் பேர்போன இடம். அங்கே சிறு நெருப்பு எறும்பும் இருக்கிறது. 1999இல் அங்கே கண்டறியப்பட்ட இந்த வந்தேறி எறும்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது, கடி மட்டும் நெருப்புதான். இலைக்கட்டைக் காரில் ஏற்றுவதற்கு முன் நன்றாக உதறுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை ஹலாவைத் தாக்கும் செதில் பூச்சி. 1995இல் மாவி தீவின் ஹானாவில் முதலில் தென்பட்டு, பின்பு வேறு தீவுகளுக்கும் பரவியது. தாக்கப்பட்ட மரத்தில் இலை மஞ்சளடித்துக் குட்டையாகி, முடையவே லாயக்கில்லாமல் போகிறது. ஆகவே நாற்றையோ பச்சை இலையையோ காயையோ ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆசைக்கு ஒரே ஒரு கன்று என்றாலும் வேண்டாம். இந்தக் கலை முழுக்க ஒரு மரத்தை நம்பி நிற்கிறது.

முள், துடைப்பு, சுருள்

தடித்த அடிப்பகுதியையும் மெல்லிய வால்நுனியையும் கத்தரியால் வெட்டி விடுங்கள். ஹலா இலையில் முள் மூன்று வரிசை: இரண்டு ஓரங்கள், நடு நரம்பின் அடிப்பக்கம். அடிமுனையில், ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி ஊசியாலோ சிறு கத்தியாலோ குத்தி, அந்த ஓரத்தை மெதுவாக இழுங்கள். நார் நேர்கோட்டில் ஓடுவதால் முள்வரிசை முழுவதும் நாடாவாக உரிந்து வரும். மறு ஓரத்துக்கும் அப்படியே. பிறகு நடு நரம்பின் இரு பக்கமும் கீறி நரம்பைத் தனியே எடுத்துவிட்டால், ஒரு இலை இரண்டு நீளப் பட்டைகளாகும். பாய்க்கு அகல இலை வேண்டும் என்கிறவர்கள் நரம்பை விட்டுவிட்டு முள்ளை மட்டும் சீவி எடுப்பார்கள். நமக்கு இப்போது அது வேண்டாம். உரித்த முள் நாடாக்களை உடனே ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் வீடாக இருந்தால் கட்டாயம்.

அடுத்தது துடைப்பு. ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். அடியிலிருந்து நுனியை நோக்கித்தான் துடைக்க வேண்டும். ஓர முட்கள் நுனிப்பக்கம் சாய்ந்திருப்பதால், ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலும் இந்தத் திசையில் கையைக் கிழிக்காது. துணி பழுப்பாவது நிற்கும்வரை அலசி அலசித் துடையுங்கள். தூசும் பூஞ்சையும் இந்த இடத்தில் போகாவிட்டால் பின்னால் போகாது. தொட்டியில் ஊறப் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நீர் குடித்த இலை ஊதும், காயும்போது சுருங்கும், கறை ஏறும்.

துடைத்த ஈரம் லேசாக இருக்கும்போதே பதப்படுத்த வேண்டும். பட்டையின் இரு முனையையும் பிடித்து, உருண்டையான நாற்காலிக் கை ஒன்றின் மேல் மாறி மாறி இழுங்கள். விறைப்பு போய்த் துணிநாடாவைப் போல் ஆகும். பிறகு விரல்களைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டுங்கள். பிரித்து, எதிர்ப்பக்கம் உள்ளே வரும்படி மறுபடி சுருட்டுங்கள். இப்படி இரண்டு பக்கமும் சுருட்டினால்தான் இலை தட்டையாக நிற்கும். சுருள் மேல் சுருளாகச் சேர்த்துப் பெரிய வட்டமாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரமாவது வையுங்கள். பழைய வீடுகளில் இந்தப் பெரிய சுருள்கள் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு நெசவாளரின் சுருள்களைப் பார்த்தாலே அவர் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

வார்தல்

எல்லா வாரும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் இதில் ஏமாற்ற முடியாது. ஒரு வார் ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும் எட்டு வரிசைக்குள் சதுரம் கோணிக்கொள்ளும்.

ஹவாயில் இதற்கென்று கைக்கருவி உண்டு. மரப்பிடியில் கூர்மையான பற்களைச் சம இடைவெளியில் பதித்திருப்பார்கள். இலையை அதில் குத்தி இழுத்தால் வார்கள் வரிசையாகப் பிரியும். தொடக்கத்தில் வாங்க வேண்டாம். ஸ்கேலும் கட்டர் கத்தியும் போதும். நார் நேராக ஓடுவதால், முனையில் அளந்து கீறிவிட்டுக் கையால் பிரித்தாலே பெரும்பாலும் சீராக வரும். விரிப்புக்கு 12 மில்லிமீட்டர் வசதி. கைக்காப்புக்கு அதில் பாதி. நல்ல தொப்பிக்கு இன்னும் மெல்லியது.

இலையின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எல்லா வாரையும் ஒரே பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

சதுர விரிப்பு

தேவை: 25 செ.மீ. நீளமுள்ள 16 வார்கள், சில துணி கிளிப்புகள், தண்ணீர் தெளிப்பான், முனை மழுங்கிய கோணி ஊசி, கத்தரி. இரண்டு நல்ல இலை போதும், கிழிந்துபோவதற்குச் சேர்த்து நான்கு வைத்துக்கொள்ளுங்கள். இலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தடித்த காகிதத்தை 12 மி.மீ. நாடாக்களாக வெட்டி இதே படிகளைச் செய்து பார்க்கலாம். கைக்குக் கணக்கு பிடிபட்டுவிடும்.

8 வார்களை நெடுக்காக, இடைவெளி இல்லாமல், பளபளப்பு மேலே வைத்துப் பரப்புங்கள். மேல்முனைகளைக் கிளிப் போட்டோ ஒட்டுநாடாவாலோ நிறுத்துங்கள். 2, 4, 6, 8ஆம் வார்களைத் தூக்கி, நடுவில் ஒரு குறுக்கு வாரை வைத்து, தூக்கியதை இறக்குங்கள். அடுத்து 1, 3, 5, 7ஐத் தூக்கி, அதற்குக் கீழே இரண்டாவது குறுக்கு வார். இப்படியே மாற்றி மாற்றி நான்கு வரிசை. பிறகு வேலையைத் தலைகீழாகத் திருப்பி மற்ற நான்கையும் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் போவதால் சதுரம் இழுபடாது. முடைந்ததும் சுமார் 10 செ.மீ. சதுரம் கிடைக்கும், நாலு பக்கமும் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

வார் விறைப்பாகத் தோன்றினால் ஒரு முறை தண்ணீர் தெளியுங்கள், போதும். கையில் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

இப்போது இறுக்குவது. ஒவ்வொரு வாரையும் நகத்தால் நடுவை நோக்கித் தள்ளி, நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் திருப்பி இன்னொரு சுற்று. கிளிப் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் பார்த்தால் கட்டங்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். காய்ந்து சுருங்கியிருக்கிறது. மறுபடி இறுக்குங்கள். வெளிச்சம் தெரியாத வரைக்கும் ஓரம் மடிக்கக் கூடாது. பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

ஓரம் மடிப்பதற்கு ஒரே விதி. கடைசிக் குறுக்கு வாரின் மேலாக வந்து முடிகிற நுனியைப் பின்பக்கம் மடியுங்கள். அடியாக வந்து முடிகிற நுனியை முன்பக்கம் மடியுங்கள். இரண்டுமே அந்தக் கடைசி வாரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மடித்த நுனி வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்: முதல் கட்டத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டத்தில் தன் வாருக்கே அடியில் நுழைந்து, மூன்றாவதைத் தாண்டி, நான்காவதில் மறுபடி நுழைய வேண்டும். கோணி ஊசியால் கட்டத்தைச் சற்றுத் தூக்கி வழிவிட்டால் கிழியாமல் போகும். மூலை வார்களைக் கடைசியில் மடியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மிச்ச நுனிகளைக் கட்டத்துக்குள் மறையும்படி ஒட்ட வெட்டுங்கள். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் வைத்தால் படிந்துவிடும்.

முன்பக்கம் மடிந்த நுனிகளில் இலையின் மங்கல் பக்கம் தெரியும். அது பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை இரண்டு வார்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஒன்றாக முடையுங்கள். எந்தப் பக்கம் மடித்தாலும் பளபளப்புதான் தெரியும், பொருளும் உறுதியாக இருக்கும்.

குமு தேடும்போது

விரிப்பைத் தனியாகக் கற்கலாம். தொப்பியை அப்படிக் கற்க முடியாது, கற்கவும் வேண்டாம் என்பேன். தொப்பி உச்சியில் பிக்கோ என்ற நடுப்புள்ளியில் தொடங்கும். வட்டம் விரிய விரிய வார்கள் சேரும், மரக்கட்டை அச்சில் ஏற்றி வடிவம் பிடிக்கும். பிக்கோ தொடங்கும் விதத்தைச் சில குடும்பங்கள் வெளியே காட்டாமலேயே காப்பாற்றி வந்திருக்கின்றன. ஒரு குமு உங்களுக்குக் காட்டிக்கொடுத்தால் அது நம்பிக்கையின் பேரில். கேட்காமல் படம் எடுத்து இணையத்தில் போடக் கூடாது.

பெரிய தீவின் மேற்கே இருக்கும் கோனா பக்கத்துக்குத் தொப்பி வேலையில் நீண்ட சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்த கூடைகளே லௌஹலாதான். ஹோலுவலோவாவில் 1914இல் ஜப்பானியக் குடும்பம் ஒன்று தொடங்கிய கிமுரா கடையில், கையில் காசில்லாத 1930களில் பெண்கள் முடைந்த தொப்பியைக் கொடுத்து மளிகை வாங்கிப் போனார்கள். அந்த மரபில் வந்தவர் கிளாடிஸ் கிரேஸ். அனோனி கோலத் தொப்பிகளுக்குப் பெயர்பெற்றவர், 2010இல் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார். ஓவாஹு தீவில் உலனா மெ கா லோகோமைகாய் என்ற குழுவை உருவாக்கி, பழைய முறைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கோனாவில் எலிசபெத் லீ ஆண்டுதோறும் நெசவாளர்களைக் கூட்டி, பல குமுக்களிடம் ஒரே இடத்தில் கற்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். மறைத்து வைத்தால் கலை தங்களோடு போய்விடும் என்று உணர்ந்து கையைத் திறந்த தலைமுறை அது. இன்றைக்கு நமக்கு வகுப்பு கிடைப்பது அவர்களால்தான்.

வயதில் மூத்த குமுவை ஆன்ட்டி, அங்கிள் என்றே அழைப்பார்கள். முதல் வகுப்புக்குப் போகும்போது நீங்களே துடைத்துச் சுருட்டிய இலையைக் கொண்டுபோங்கள். அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. முதலில் முடித்த பொருளை வைத்துக்கொள்ளாமல் யாருக்காவது கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு, அதற்கும் தயாராக இருங்கள்.

ஹலாவைத் தாண்டி

லௌஹலா கைவந்த பிறகு மற்ற நார்கள் பக்கம் போகலாம். தென்னை ஓலை நமக்குப் பழக்கமானது, அங்கேயும் அது தொப்பியாகவும் கூடையாகவும் ஆகிறது. ஹவ் மரப்பட்டையில் கயிறு திரிப்பார்கள். காட்டுக்குள் மரங்களில் ஏறும் ஈயேஈயே கொடியின் வேர்களில் கூடை பின்னுவார்கள். அது மெதுவாக வளரும் கொடி. வழிகாட்டி இல்லாமல் அதன் பக்கம் போக வேண்டாம்.

மக்கலோவா ஒரு கோரை. பத்தமடைப் பாய்க்கான கோரையின் பேரினம்தான் அதுவும். நீஹாவ் தீவில் அதைக்கொண்டு முடைந்த பாய்கள் ஹவாயிலேயே மிக மென்மையானவை. 1874இல் கலாய் என்ற நெசவாளர், வரிகளை நீக்கச் சொல்லும் விண்ணப்பத்தையே எழுத்தெழுத்தாகப் பாயில் முடைந்து அரசர் கலாக்காவுவாவுக்குக் கொடுத்தார். அந்தப் பாய் இன்று ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நார்க்கலை என்றால் அலங்காரம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கலைஞர்களில் மார்க்கெஸ் ஹனலேய் மார்சானைக் கட்டாயம் பாருங்கள். பிஷப் அருங்காட்சியகத்தில் பழைய நார்ப்பொருட்களோடு பணியாற்றியவர். பழைய முடிச்சையும் பின்னலையும் கற்று, அதிலிருந்து புதிய சிற்பங்களும் அணியும் கலைப்பொருட்களும் செய்கிறார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்க்கலை கற்பித்த பாட் ஹிக்மன் வேறு மாதிரி. மாவியின் கலை மையத்துக்கு அவர் உருவாக்கிய வாயிற்கதவுகள் மீன்வலையின் முடிச்சுகளைப் பெரிதாக்கி உலோகத்தில் நிறுத்தியவை.

பராமரிப்பு

முடைந்த பொருளைப் பிளாஸ்டிக் பையில் மூடாதீர்கள். பூஞ்சை தென்பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். தொப்பி நசுங்கினால் லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் வடிவம் பிடித்து, தலை அளவுள்ள கிண்ணத்தின் மேல் கவிழ்த்து உலர விடுங்கள். ஹவாயிலிருந்து விமானத்தில் கிளம்பும்போது வேளாண் சோதனை உண்டு. முடைந்து முடித்த சுத்தமான பொருளை மட்டும், எளிதாக எடுத்துக் காட்டும்படி பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். மிச்சமான இலைச் சுருள்களை அங்கேயே உங்கள் குமுவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.